கைப் பம்பும் கரண்ட் பம்பும்

1

ஜெனிற்றா, மார்க்கோ, இது உங்கள் இரண்டு பேருக்கும் அப்பா எழுதுவது. ஜெனிற்றா, நீ கற்பிட்டியில் நாலாம் வகுப்பு வரைக்கும் தமிழில் படித்தவள், உனக்கு விளங்கும். தம்பிக்கு நீதான் வாசித்துச் சொல்ல வேண்டும். அவனுடைய தமிழ் சோறும் தண்ணீரும் கேட்க மட்டுந்தான் காணும். வாசித்துக்கொண்டு போகையில் சொல்லக் கூச்சமான இடம் வந்தால் தாண்டிப் போகாதே. அந்த இடத்துக்காகத்தான் மற்றதெல்லாம் எழுதியிருக்கிறேன்.

ஊர்க் கோயில் திருநாள் மலருக்கு, வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் என்றாலும் சம்மதித்தேன். பனி, ரயில், இத்தாலிச் சாப்பாடு என்று ஒரு பக்கம் எழுதியும் வைத்தேன். அதற்கிடையில் போன மாதம் அந்தப் படிவம் வந்தது. அதற்குப் பிறகு பனியைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஜெனிற்றா, உன் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தான் நீயும் அம்மாவும் நானும் அந்தச் சுகாதாரக் கந்தோருக்குப் போனோம். நீ வகுப்பில் வாய் திறப்பதில்லை, வாசிப்பதும் மெதுவாக இருக்கிறது, ஒரு முறை காட்டுங்கள் என்றார்கள். காத்திருக்கும் இடத்தில் நாலு பக்கப் படிவம் தந்தார்கள். எனக்குத் தெரிந்தது ரெஸ்டோரண்ட் குசினியில் காதால் பிடித்த இத்தாலி மொழி. சட்டி, தட்டு, கெதியா, பிந்திவிட்டாய், இவ்வளவுதான். ஆகவே கேள்விகளை நீ தமிழில் சொன்னாய், நாங்கள் பதில் சொன்னோம், நீயே எழுதினாய். பிள்ளையைப் பற்றிய படிவத்தைப் பிள்ளையே நிரப்பியது.

"நான் எத்தின மாசத்தில நடந்தனான்?" என்று கேட்டாய்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் எதிரே இருந்த சுவரைப் பார்த்தேன்.

"முதல் கதைச்ச சொல்லு என்னண்டு கேக்குது."

"பெரியம்மாக்குக் கோல் எடுத்துக் கேப்பம்," என்றார் அம்மா.

"இப்ப அங்க பெரியம்மா கோயில்ல," என்றாய். கற்பிட்டியில் அந்த நேரம் யார் எங்கே இருப்பார்கள் என்று உனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு கட்டத்திலும் ஒரு கோடு இழுத்தாய்.

அடுத்தது தாய்ப்பால். குடித்ததா, எத்தனை மாதம், நிறுத்திய காரணம் என்ன.

"நாலு மாசம். அம்மாக்குப் பால் வத்திட்டுது," என்றேன். யோசிக்காமலே சொன்னேன். பதின்மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்.

நீ எழுதவில்லை. "மார்க்கோ ரெண்டு வயசு மட்டும் குடிச்சவன்தானே அப்பா. அவனுக்கு மட்டும் எப்பிடி வந்தது?"

அம்மா மடியில் இருந்த பையின் சிப்பைத் திறந்தார், மூடினார், திரும்பவும் திறந்தார். "அது உடம்பு மகள், ஒவ்வொரு நேரம் ஒவ்வொரு மாதிரி," என்றேன். நீ குனிந்து எழுதினாய். ஸ்டெல்லா என்ற தாயிடம் பால் இருக்கவில்லை என்று இப்போது இந்த நாட்டுக் கந்தோர் ஒன்றில் பதிவாகி இருக்கிறது, அவருடைய மகளின் கையெழுத்தில்.

அது பொய். உன் கேள்விக்குப் பதில் இதுதான், கேள்.

2

சண்டை நடந்த காலம் முழுக்க நான் எங்கள் ஊர் உச்சமுனையை விட்டு அசையவில்லை. சண்டை முடிந்தது, கடல் எல்லாருக்கும் திறந்தது. திறந்த கடலுக்கு எங்கிருந்தெல்லாமோ பெரிய படகுகள் வந்து எங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போயின. சமாதானம் வந்த பிறகுதான் நான் ஊரை விட்டேன். இங்கே அகதிக் கந்தோரில் இதைச் சொன்னபோது, எழுதிக்கொண்டிருந்தவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "சண்டை முடிந்துவிட்டதே, பிறகேன் வந்தாய்?" என்று கேட்டார். 

பிறகு அம்மா வந்தார், அடுத்த வருடம் நீ பிறந்தாய். அப்போது நாங்கள் இருந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு கக்கூஸ். வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தவர் சிலாபத்து லூயிஸ் அண்ணன். அவரோடு இன்னும் நாலு ஆண்கள், எல்லாரும் நம்முடைய கரைக்காரர்கள். பெரிய அறையை நடுவில் பலகை வைத்து மறித்து, ஒரு பாதியில் நாங்கள், மறுபாதியில் அவர்களில் மூன்று பேர். இந்தப் பக்கம் கொட்டாவி விட்டால் அந்தப் பக்கம் கேட்கும்.

அந்த நாளில் இங்கே இருந்த எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாரும் செய்தார்கள். பிள்ளை பிறந்தால், பால் மறக்கும் மட்டும் தாயோடு வைத்திருப்பது. பால் மறந்ததும் ஊருக்குப் போகிற யாரோடாவது ஏற்றி அனுப்பிவிடுவது. அங்கே பெரியம்மாவோ மாமியோ வளர்ப்பார்கள், இங்கே தாயும் தகப்பனும் இரண்டு வேலை செய்வார்கள். "குடிக்கிற மட்டும் வச்சிரு, நிண்டதும் ஏத்து" என்று சாமான் அனுப்புவதுபோலச் சொல்லுவார்கள்.

அம்மா அதற்குத் தொடக்கத்திலிருந்தே சம்மதிக்கவில்லை. அவருடைய ஆட்கள் மன்னார்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து கற்பிட்டியில் தங்கியவர்கள். விட்டுவிட்டு வருவது என்றால் என்னவென்று அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. எல்லாரோடும் சண்டை பிடிக்க அவரால் முடியாது. ஆகவே அந்த வழக்கத்தையே பிடித்துக்கொண்டார்.

"குடிக்கிற பிள்ளைய நான் ஏத்த மாட்டன். ஒரு வருசம் பால் குடுப்பன். அதுக்குள்ள கிழவிட மகன் கையெழுத்து வைப்பார், சொஜோர்னோ வரும், வேற அறை பாப்பம்."

சொஜோர்னோ என்பது இங்கே இருக்க விடும் பத்திரம். அம்மா ஒரு வயதான பெண்ணைப் பகலில் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். பத்திரத்துக்கு வேண்டிய வேலை ஒப்பந்தத்தை ஒரு வருடத்தில் எழுதித் தருவதாக அந்தப் பெண்ணின் மகன் சொல்லியிருந்தார். ஆனால் பிள்ளை பிறந்து இரண்டு மாதத்தில் திரும்பி வர வேண்டும், வராவிட்டால் வேறு ஆள்.

ஆகவே, ஜெனிற்றா, நீ எங்களோடு இருப்பதும் போவதும் அம்மாவின் பாலில் நின்றது. காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை நீ என்னோடும், அம்மா அந்த வீட்டிலும். அவ்வளவு நேரமும் பாலை எடுத்து எடுத்து வைக்காவிட்டால் அது நின்றுவிடும். இது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் மருத்துவத்தாதி சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

3

"கரண்ட் பம்பை எடுங்க," என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினார். "ஆஸ்பத்திரில அதாலதான் எடுத்தனான். பத்து நிமிசத்தில ரெண்டு பக்கமும் முடிஞ்சுது. வேலைக்கும் கொண்டு போகலாம். கிழவிக்குத்தான் காது கேக்காதே, பக்கத்தில ட்ரெக்டர் ஓட்டினாலும் தெரியாது."

நான் மருந்துக் கடைக்குப் போனேன். கடையில் ஒரு நடுத்தர வயதுப் பெண் நின்றார். கேட்க வந்த சாமானின் பெயர் எனக்குத் தெரியவில்லை. உடம்பின் அந்த இடத்தின் பெயரைச் சொல்ல வாயும் வரவில்லை. கையைக் காற்றில் வைத்துப் பசுவில் கறப்பது மாதிரிக் காட்டினேன். பின்னால் நின்ற கிழவர் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. உள்ளே போய் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

ஒன்று கைப் பம்ப். புனல் மாதிரி ஒரு வாய், கீழே போத்தல், பக்கத்தில் அமத்துகிற கைப்பிடி. மற்றது கரண்ட் பம்ப். அதை வாடகைக்குத் தருவார்கள், தேவை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கலாம். வாடகையும் எங்களுக்கு முடியாத ஒன்றல்ல. காசைக் காரணம் சொல்ல எனக்கு வழியில்லை.

"உங்கள் மனைவி வேலைக்குப் போகிறாரா?" என்று கேட்டார். ஓம் என்றேன். எத்தனை மணி நேரம் என்று கேட்டார். விரலால் காட்டினேன். அவர் கைப் பம்பை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார். "இது வீட்டில் இருக்கிற தாய்க்கு, எப்போதாவது ஒரு தரம் வெளியே போனால். உங்கள் மனைவிக்கு இது வேண்டாம். கை நோகும், களைத்துப்போவார், பால் குறையும். இதை எடுங்கள்," என்று சொல்லிக் கரண்ட் பம்பைத் தொட்டார். மெதுவாக, எனக்கு விளங்கும்படி, இரண்டு தரம் சொன்னார். குசினி இத்தாலிதான், ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது.

பிறகு எனக்குக் காட்டுவதற்காக அதைப் போட்டார்.

அது இழுத்தது, விட்டது, இழுத்தது, விட்டது. பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கள் கடலில், கரைக்கு வருகிற படகைக் கண்ணால் காண்பதற்கு முன்னமே எஞ்சின் சத்தத்தைக் கேட்டு இன்னாருடையது என்று சொல்லிவிடுவோம். எஞ்சினில் என்ன கோளாறு என்றும் சொல்லுவோம். பலகைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவர்கள் அந்தக் காது உள்ளவர்கள். லூயிஸ் அண்ணன் மாடியில் ஓடும் சலவை மெசினின் சத்தத்தைக் கேட்டு அதற்குப் பெல்ட் மாற்ற வேண்டும் என்று சொல்லுகிறவர். இந்தச் சத்தம் ஒரு நாள் கேட்டால் என்ன, எதற்கு, யாருடைய உடம்பில் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு தரம், காலையிலும் பின்னேரத்திலும், என்னுடைய மனைவியின் மார்பு அந்த வீட்டுக்குள் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். இதுதான் என் மனதில் ஓடியது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதுதான்.

நான் கைப் பம்பை வாங்கினேன். அந்தப் பெண் பெட்டியைக் கட்டித் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் அம்மா பையைத் திறந்து பார்த்தார். "இது என்ன?"

"கரண்டு கட்டாகும் ஸ்டெல்லா. சலவை மெசினும் ஹீட்டரும் சேர்ந்து போட்டாலே வீடு இருட்டாகுதுதானே."

"அப்ப ஆஸ்பத்திரில முழு வாட்டும் இருட்டுக்குள்ளயா கிடந்தது?"

 அம்மா என்னைப் பார்த்தார், பிறகு பலகையைப் பார்த்தார். அந்தப் பக்கம் யாரோ செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள், தேடுகிற சத்தம் கேட்டது.

"ஆ, விளங்குது," என்றார் குரலைத் தாழ்த்தி. "சரி. கை இருக்குத்தானே."

4

முதல் மூன்று கிழமை நன்றாகப் போனது. அம்மா வேலை வீட்டில் மத்தியானம் கிழவி தூங்கும் அரை மணித்தியாலத்தில் பால் எடுத்து, வரும்போது கொண்டுவருவார். விடியவும் எடுத்து வைத்துவிட்டுப் போவார். நான் உன்னை மடியில் வைத்துப் பகலில் அந்தப் பாலைத் தருவேன். நீ குடிக்கும்போது ஒரு கையால் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்ளுவாய். அம்மா வந்ததும் உன்னைக் கொடுத்துவிட்டு நான் கோப்பை கழுவ ரெஸ்டோரண்டுக்கு ஓடுவேன். என் வாழ்க்கையில் உன்னோடு அப்படி இருந்தது அந்த நாட்களில்தான்.

குசினியில் பிரிஜ் ஒன்றுதான், அவர்கள் ஐந்து பேருக்கும் எங்களுக்கும் அதுதான். அதன் கதவில் லூயிஸ் அண்ணன் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டியிருந்தார். பெயர் எழுதாத சாமான் பொதுச் சாமான். முட்டையில்கூட ஆட்கள் பெயர் எழுதியிருப்பார்கள்.

தாய்ப்பால் அடுத்தவர் கண்ணில் படக்கூடாது, கண்ணூறு பட்டால் வற்றிவிடும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு அது நல்ல சாட்டாகப் போயிற்று. போத்தலைக் கடதாசியால் சுற்றி, ஒரு பைக்குள் போட்டு, மரக்கறிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பெயர் மட்டும் எழுதவில்லை. அதற்கு மேலே என்ன எழுதுவது?

ஒரு நாள் பின்னேரம் லூயிஸ் அண்ணன் தேத்தண்ணியோடு என் முன்னால் வந்து இருந்தார்.

"மல்லி, இந்தப் பால் எங்க வாங்கினது?" என்னை அவர் சிங்களத்தில் தம்பி என்றுதான் கூப்பிடுவார். "கொஞ்சம் இனிப்பா இருக்கு. சீனியே தேவல்ல."

நான் எழும்பிப் பிரிஜைத் திறந்தேன். மரக்கறிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

"அண்ணன், அது பிள்ளைட பால்."

"பிள்ளைக்கு வாங்கினதா? ஹரி ஹரி, சரி, நான் நாளைக்கு ஒண்டு வாங்கி வைக்கிறன்."

"வாங்கினதில்ல அண்ணன்."

அவருக்கு விளங்கச் சுணங்கியது. விளங்கியதும் கோப்பையை மேசையில் வைத்து, சிலுவை அடையாளம் போட்டார். "அனே, ஐயோ மல்லி. ஒரு பேர எழுதி ஒட்டியிருக்கலாமே."

"என்ன பேர் எழுதுறது?"

"பிள்ளைட பேரத்தான். அதுக்கு என்ன வெக்கம்?"

அவர் நல்ல மனிதர். அன்றைக்கே கடைக்குப் போய் உனக்கு ஒரு பால்மா டின் வாங்கி வந்தார். ஆனால் மற்றவர்களுடைய வாயை யார் மூடுவது? அடுத்த நாள் தொடங்கிவிட்டது. "ஸ்டெல்லா அக்கா, உங்கட மூத்தவர் இன்னும் வேலையால வரல்ல." "மூத்தவருக்கு இண்டைக்கு வெறும் தேத்தண்ணி காணுமாம்." லூயிஸ் அண்ணனுக்கு அப்போது ஐம்பது வயது. முதலில் அம்மாவும் சிரித்தார். மூன்றாம் நாள் ஆட்கள் இருக்கும்போது குசினிக்குப் போவதை விட்டுவிட்டார். வீட்டில் இருக்கும்போது கக்கூசுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு பால் எடுத்தார். வெளியே ஐந்து ஆண்களில் ஒருவர் எப்போதும் கதவைத் தட்டுவார்.

அந்தக் கிழமை ஒரு நாள் அம்மா கேட்டார். "இப்பதான் எல்லாருக்கும் தெரிஞ்சிட்டுதே. இனி எதை மறைக்கிறது? இப்பயாவது அந்தக் கரண்ட் பம்பை எடுத்துத் தாங்க."

நான், "இருக்கிற சிரிப்புக் காணும்," என்றேன்.

முதல் தரம் பயத்தில் செய்தது என்று சொல்லலாம். இரண்டாம் தரத்துக்கு அதுவும் இல்லை. பயந்த காரியம் நடந்து முடிந்திருந்தது. அதற்குப் பிறகும் நான் மாட்டேன் என்றேன்.

5

மூன்றாம் மாதத்தில் அம்மாவின் வலது மணிக்கட்டு வீங்கியது. பாண் வெட்ட முடியவில்லை. கிழவியைக் கட்டிலிலிருந்து தூக்குவதும் அதே கை, பம்பை அமத்துவதும் அதே கை. இடது கையால் அமத்திப் பார்த்தார். அரை மணித்தியாலத்தில் மூன்று அவுன்ஸ் வந்தது இரண்டானது, பிறகு ஒன்றானது. ஒரு பக்கத்தில் பால் கட்டிப்பட்டு இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தார். அடிக்கடி முழுதாக எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எதால் எடுக்கிறீர்கள் என்றும் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு எழும்பினேன்.

நான் பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் கரையில் வலை வந்ததும் பெண்கள் மீனைப் பிரிக்க இருப்பார்கள். கைப்பிள்ளை அழுதால் சேலையை இழுத்துவிட்டு அந்த இடத்திலேயே பால் கொடுப்பார்கள். இரண்டு பாகத் தூரம் தள்ளி நாங்கள் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருப்போம். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எனக்கு எங்கிருந்து அந்த வெட்கம் வந்தது? ஊரில் மனைவியைத் தவிர எனக்கு வேறும் இருந்தது. படகு இருந்தது, கோயிலில் ஒரு இடம் இருந்தது, பெயர் சொல்லிக் கூப்பிட ஆட்கள் இருந்தார்கள். இங்கே கோப்பை கழுவுகிறவனுக்கு, பலகைக்கு இந்தப் பக்கம் இருந்தது மட்டுந்தான் தன்னுடையது. அதை ஒருவரும் கேட்கக்கூடக் கூடாது என்று நினைத்தேன். இது காரணம், நியாயம் அல்ல.

அம்மாவின் அக்கா, உங்கள் பிலோமினா பெரியம்மா, கற்பிட்டியிலிருந்து கோல் எடுத்து வைத்தியம் சொன்னார். "பால் சுறா வாங்கி வறை வறுத்துக் குடுங்க. உள்ளி நிறையப் போடுங்க." சந்தை முழுக்க அலைந்து ஒரு சின்னச் சுறா கண்டுபிடித்து வறுத்தேன். மணம் போன போக்கில் ஐந்து பேரும் குசினிக்கு வந்துவிட்டார்கள். ஊரை விட்ட பிறகு சுறா வறை காணாதவர்கள், இல்லை என்று எப்படிச் சொல்வது? அம்மாவுக்கு மிஞ்சியது இரண்டு கரண்டி.

நாலாம் மாதக் கடைசியில் ஒரு நாள் போத்தலைப் பார்த்தேன். அடியில் பால் இல்லை, ஈரம் மட்டும் இருந்தது.

"பால்தான் நிண்டிட்டுதே ஸ்டெல்லா," என்றார் பெரியம்மா போனில். "இனி என்னத்துக்குப் பிள்ளைய அங்க வச்சு வதைக்கிறாய்? ஏத்திவிடு."  மறுத்துச் சொல்ல அம்மா வைத்திருந்த ஒரே சொல் அந்தப் பால்தான்.

நான் அம்மாவின் பக்கம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. எனக்குப் பகலில் இன்னொரு வேலை தருவதாக ஒருவர் சொல்லியிருந்தார். ஜெனிற்றா, பால் நின்றது என்று தெரிந்த அன்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இந்த வரியைத்தான் தாண்ட வேண்டாம் என்று சொன்னேன்.

கைக்குழந்தையை இன்னொருவரோடு அனுப்ப ஒரு கந்தோரில் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. நான் வைத்தேன். அந்த மேசைக்காரர் அம்மாவின் பக்கம் திரும்பி, தாய்க்குச் சம்மதமா, வாயால் சொல்ல வேண்டும் என்றார். அம்மாவுக்கு அப்போது இந்த மொழியில் தெரிந்திருந்தது கொஞ்சச் சொற்கள். ஓம் என்ற சொல் அதில் ஒன்று. சொன்னார்.

உன்னைக் கொண்டுபோனது லீவில் ஊருக்குப் போன ஒரு சிலாபத்துப் பெண். விமான நிலையத்தில், உள்ளே போகிற கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் நீ அழத் தொடங்கினாய். அம்மாவின் சட்டை முன்பக்கம் நனைந்தது. இரண்டு பக்கமும் நனைந்து வயிறு வரைக்கும் இறங்கியது. என்னுடைய ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தேன், மற்றவர்கள் பார்க்காமல் மூடிக்கொள்ளச் சொல்லி. அப்போதும் எனக்கு அதுதான் தோன்றியது.

அன்று பின்னேரம் ஊருக்கு, பெரியம்மாவுக்குக் கோல் எடுத்து, பிள்ளை ஏறிவிட்டாள், என்ன செய்வது, தாய்க்குப் பால் வத்திட்டுது என்று சொன்னவன் நான்.

6

சொஜோர்னோ ஒரு வருடத்தில் வரவில்லை. கிழவியின் மகன் கையெழுத்து வைக்க மூன்று வருடம் எடுத்தார். வேறு வீடு பார்க்க அதற்கு மேலும் போனது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு மார்க்கோ பிறந்தான். பிறந்த மூன்றாம் நாள், அம்மா ஒன்றும் கேட்கவில்லை, நானே போய்க் கரண்ட் பம்பை எடுத்து வந்தேன். முழு வீட்டுக்கும் கேட்க அது ஓடியது. யாரும் சிரிக்கவில்லை, சிரிக்க யாரும் இருக்கவும் இல்லை.

மார்க்கோவுக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்டாய். அதே தாய், அதே மார்பு. பம்பைத் தெரிந்தெடுத்த ஆள் மட்டும் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தான். மார்க்கோ, இதில் உன் பிழை ஒன்றும் இல்லை. அக்கா உன்னோடு பேசாத நாட்களில் அவளைக் கோபிக்காதே.

ஜெனிற்றா, ஒன்பது வயதில் நீ வந்து இறங்கியபோது அம்மா உனக்காக வாங்கி வைத்திருந்த சட்டைகள் எல்லாம் சின்னதாக இருந்தன. நீ பெரியம்மாவை அம்மா என்றாய், அம்மாவை இத்தாலி அம்மா என்றாய். இப்போது வெறும் அம்மா என்கிறாய், ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் நிற்கிறாய். அந்த இடைவெளி எனக்குக் கேட்கிறது. சத்தத்தை வைத்துக் கோளாறு சொல்லுகிற காது எனக்கும் உண்டு.

உன்னைத் திருப்பிக் கூப்பிடும்போது பெரியம்மா என்ன சொன்னார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், நீயும் பக்கத்தில் நின்றாயாம். "பாலும் குடுக்கல்ல, வளக்கவும் இல்ல. இப்ப வளந்த பிள்ளை வேணுமாம்." அதை நீ இங்கே வந்து ஒரு சண்டையில் அம்மாவுக்கு அப்படியே சொன்னாய். அம்மா அன்றைக்கும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன்.

"அவளுக்குத் தகப்பனாவது மிஞ்சட்டும் எண்டுதான்," என்றார்.

7

மேலே உள்ளதை எழுதி முடித்து நாலு நாளாகிறது. இன்னும் உங்களிடம் தரவில்லை. தருவதற்கு முதல், பொய்யை எங்கே தொடங்கினேனோ அங்கே போக வேண்டும் என்று பட்டது.

இன்று வேலைக்குப் போகிற வழியில் ஒரு தரிப்பு முன்னமே பஸ்ஸை விட்டு இறங்கினேன். பக்கத்தில் ஒரு பூட்டிய பள்ளிக்கூடம், மதிலோரம் யாரும் இல்லை. போனை எடுத்துப் பிலோமினா அக்காவுக்குக் குரல் செய்தி பேசினேன். "அக்கா, ஸ்டெல்லாக்குப் பால் இருந்தது. நிப்பாட்டினது நான்தான். அவ ரெண்டு தரம் மெசின் கேட்டவ, நான் வேற வழியில்லாம கைப் பம்பை வாங்கிக் குடுத்திட்டன். பிள்ளை ஏறின அண்டைக்கும் அவட சட்டை பாலால நனைஞ்சது. உங்களுக்கு நான் சொன்னது பொய்."

அனுப்புவதற்கு முதல் ஒரு தரம் போட்டுக் கேட்டேன். என்னுடைய குரல் நல்ல மனிதனுடையதாக இருந்தது. நடுவில் அந்த இரண்டு சொல் கிடந்தது, வேறு வழியில்லாமல். திரும்பவும் கேட்டேன். வழி இருந்தது. மேசையில் எனக்கு முன்னால் இரண்டு பெட்டியாக இருந்தது.

அந்தச் செய்தியை அழித்தேன். அந்த இரண்டு சொல்லையும் விட்டுவிட்டு முதலிலிருந்து பேசி, அனுப்பினேன்.